20:30 – லண்டனில் பிறந்து கூவத்துக்கு வந்த ஒரு கணக்கு

2022-ஆம் ஆண்டின் கடைசியில் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை ஒன்று வெளியானது. இந்தியாவில் எந்தெந்த ஆறு எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை கெட்டுப் போயிருக்கிறது என்ற பட்டியல் அது. 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் எடுத்த தண்ணீர் மாதிரிகளை வைத்துத் தயாரித்தது. அதில் மிக மோசமான எண் வாங்கிய ஆறு கங்கை இல்லை, யமுனை இல்லை. நம்ம கூவம். ஆவடி முதல் சத்யா நகர் வரை, பி.ஓ.டி அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம். இரண்டாவது இடம் குஜராத்தின் சபர்மதிக்கு, 292.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் பட்டாபிராம், இந்து கல்லூரி, அடுத்தது ஆவடி. வெளிவட்டச் சாலையில் நெமிலிச்சேரியிலிருந்து பூந்தமல்லி பக்கம் போகிறவர்கள் கூவத்தைப் பாலத்தில் கடந்துதான் போகிறார்கள். பாதிப் பேருக்கு அது கூவம் என்றே தெரியாது. கூவம் என்றால் சிந்தாதிரிப்பேட்டையும் நேப்பியர் பாலமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தியாவிலேயே மோசமான எண் என்று அறிக்கை சொன்ன நீளம் ஆவடியில்தான் ஆரம்பிக்கிறது.

செய்தித்தாள்கள் இந்த 345-ஐப் பெரிய எழுத்தில் போட்டன. அதோடு கதை முடிந்துவிட்டது. உண்மையில் இந்த எண்ணுக்குப் பின்னால் நூற்றுப்பத்து வருஷக் கதை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாம் 'பாஸ்' ஆனாலும் ஆறு ஏன் 'ஃபெயில்' ஆகிறது என்பது புரியும்.

முதலில் பி.ஓ.டி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கழிவுநீரில் இருக்கும் அழுகக்கூடிய பொருட்களை பாக்டீரியாக்கள் தின்னும். தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்று அளந்தால், தண்ணீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அழுக்கை நேரடியாக எடை போடாமல், அதைத் தின்பவனின் பசியை அளக்கிற வழி இது. நல்ல ஆற்றுத் தண்ணீரில் பி.ஓ.டி 2-க்குள் இருக்கும். குளிக்கத் தகுந்த ஆறு என்று சொல்ல வேண்டுமானால் 3-ஐத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்து வரும் சாதாரணக் கழிவுநீரில் 200-லிருந்து 350 வரை இருக்கும்.

அப்படியானால் 345 என்பது கழிவு கலந்த ஆறு இல்லை. அது கழிவுநீரேதான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு தொழிற்சாலை தன் கழிவுநீரை ஆற்றில் விட வேண்டுமானால் பி.ஓ.டி 30-க்குள் இருக்க வேண்டும். பாதாளச் சாக்கடையில் விடுவதானால் 350 வரை விடலாம், ஏனென்றால் சாக்கடையின் மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கூவத்தின் 345, ஆற்றுக்கான வரம்பில் தோற்றுப் போய் சாக்கடைக்கான வரம்பில் ஐந்து மார்க் வித்தியாசத்தில் பாஸ் ஆகிறது!

சரி, இந்த 30, 350 எல்லாம் யார் வைத்த எண்கள்?

அதற்கு லண்டன் வரை போக வேண்டும். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் பாராளுமன்றமே நடத்த முடியாமல் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். வரலாற்றில் அதற்கு 'பெரும் நாற்றம்' என்றே பெயர். உறுப்பினர்களின் மூக்கில் நாற்றம் ஏறியதும் சட்டம் சில வாரங்களில் நிறைவேறியது. ஜோசப் பாசல்ஜெட் என்ற இன்ஜினியர் லண்டனுக்கு அடியில் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். ஆனால் அவர் செய்தது கழிவை ஊருக்குக் கீழே கொண்டுபோய் ஆற்றில் விட்டதுதான். சுத்தம் செய்து விடவில்லை. மற்ற ஊர்களும் அதையே செய்தன. மேல் ஊரின் கழிவு கீழ் ஊரின் குடிதண்ணீர் ஆனது.

எவ்வளவு சுத்தம் செய்தால் ஆற்றில் விடலாம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல 1898-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு ராயல் கமிஷன் போட்டது. கமிஷன் என்றால் நம்ம ஊரில் கிடப்பில் போடுவது என்று அர்த்தம். இந்தக் கமிஷனும் 1915 வரை பதினேழு வருஷம் இழுத்தது. ஆனால் வேலை செய்தது. நூற்றுக்கணக்கான மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 1912-ல் வெளிவந்த அதன் எட்டாவது அறிக்கைதான் இந்தக் கதையின் நாயகன்.

ஆறுகளை அந்த அறிக்கை வகை பிரித்தது. பி.ஓ.டி 1 என்றால் மிகச் சுத்தம், 2 என்றால் சுத்தம், 3 என்றால் ஓரளவு சுத்தம், 5 என்றால் சந்தேகம், 10 என்றால் மோசம். ஆறு 4-ஐத் தாண்டினால் தொல்லை ஆரம்பிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு கணக்கு போட்டார்கள். கூட்டல் வகுத்தல் தெரிந்த யாரும் போடக்கூடிய கணக்குதான்.

ஆற்றில் எட்டு பங்கு நல்ல தண்ணீர் ஓடுகிறது, அதன் பி.ஓ.டி 2. அதில் ஒரு பங்கு சுத்திகரித்த கழிவுநீரை விடுகிறோம், அதன் பி.ஓ.டி 20. எட்டு இரண்டு பதினாறு, கூட ஒரு இருபது, மொத்தம் 36. ஒன்பது பங்கால் வகுத்தால் 4. சரியாக 4!

இப்படிப் பிறந்ததுதான் உலகப் புகழ்பெற்ற 20:30 விதி. பி.ஓ.டி 20-க்குள், மிதக்கும் திடப்பொருள் 30-க்குள். உலகத்தில் எத்தனையோ நாடுகள் இதைச் சட்டத்தில் எழுதிக்கொண்டன. ஆனால் எண்ணை எடுத்துக்கொண்டவர்கள் பலரும் அதோடு ஒட்டியிருந்த நிபந்தனையை விட்டுவிட்டார்கள். கமிஷன் தெளிவாகவே சொல்லியிருந்தது: ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல தண்ணீர் ஓடினால்தான் இந்த 20:30. அதைவிடக் குறைவாக ஓடினால் வரம்பை இன்னும் இறுக்க வேண்டும். 150 மடங்குக்கு மேல் இருந்தால் தளர்த்தலாம். 500 மடங்குக்கு மேல் தண்ணீர் இருந்தால் கழிவைச் சும்மா வடிகட்டி விட்டாலே போதும். அதாவது 20 என்பது கழிவுநீரின் குணம் மட்டும் இல்லை. கழிவுநீருக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள ஒரு ஒப்பந்தம். ஆறு தன் பங்கைக் கொண்டு வந்தால்தான் ஒப்பந்தம் செல்லும்.

பி.ஓ.டி சோதனையிலும் இங்கிலாந்தின் வாசம் உண்டு. மாதிரியை ஐந்து நாள், 65 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 18 செல்சியஸ்) வைத்து அளக்க வேண்டும். ஏன் ஐந்து நாள்? இங்கிலாந்தின் ஆறுகள் கடலைப் போய்ச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதால் என்று சொல்வார்கள். ஏன் 18 டிகிரி? அது அவர்கள் ஊர்க் கோடைக்கால ஆற்றின் சூடு. நம்ம ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு குளிராது. பின்னாளில் இந்தியாவில் இதை 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டார்கள். சூட்டில் பாக்டீரியா வேகமாகத் தின்னும், அதனால் மூன்று நாள் போதும். ஆக, வெப்பநிலையை நம்ம ஊருக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. எட்டு மடங்கைப் பற்றி மட்டும் தோன்றவில்லை.

அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது?

கூவம் ஒரு காலத்தில் குளிக்கிற ஆறு. பச்சையப்ப முதலியார் கோமளீஸ்வரன்பேட்டையில் இந்த ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அவர் காலமானது 1794-ல். ஆறு புறப்படும் திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமம், திருவிற்கோலம் என்ற பாடல் பெற்ற தலம். வழியில் திருவேற்காடு இன்னொரு பாடல் பெற்ற தலம். பாடல் பெற்ற ஆறு பட்டியலில் முதலிடம் பெற்றது அப்புறம்.

சென்னைக்கு ஒழுங்கான சாக்கடை வேண்டும் என்று 1865-லேயே கேப்டன் டல்லாக் என்பவர் அறிக்கை எழுதினார். ஆனால் நகர் முழுவதற்குமான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910 வாக்கில்தான் வடிவமைக்கப்பட்டது. 1961-ல் சென்னையில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுக் குழாய் போட்டார்கள். ஐம்பது வருஷம் தள்ளி யோசித்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 1961 மக்கள்தொகைக் கணக்கில் சென்னையின் எண்ணிக்கை 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மிச்சம் பத்து லட்சம் பேரின் கழிவு எங்கே போகும்? மழைநீர்க் கால்வாய் வழியாகக் கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அடையாற்றுக்கும்.

இன்னொரு விஷயம். 1914-ல் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் தயாரானது. அதே 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர் ஒரு புது முறையைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். கழிவுநீரில் காற்றை ஊதினால் பாக்டீரியாக்கள் பெருகும். அடியில் படியும் கசடைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்ப அதே தொட்டியில் விட்டால், ஏற்கெனவே பசியோடு இருக்கும் அந்தக் கூட்டம் புதுக் கழிவைச் சில மணி நேரத்தில் தின்று தீர்க்கும். கிட்டத்தட்ட தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. இன்றைக்குக் கோயம்பேட்டில் ஓடுவது இந்த முறைதான். ஆனால் சென்னைக்கு அது வந்து சேர அறுபது வருஷம் ஆனது. அதுவரை கொடுங்கையூரில் கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்தார்கள்.

1967-ல் அண்ணா முதல்வரானதும் கூவத்தைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. கரைகளைக் கட்டினார்கள், தூர் வாரினார்கள், படகுத் துறைகள் கட்டினார்கள். 1973-ல் கருணாநிதி ஆட்சியில் கூவத்தில் படகு ஓடியது. கொஞ்ச காலம்தான் ஓடியது. கரையை அழகாக்கினார்களே தவிர, வந்து விழும் சாக்கடை அப்படியேதான் விழுந்துகொண்டிருந்தது.

அதே 1973-ல் டெல்லியில் சத்தமில்லாமல் இன்னொரு காரியம் நடந்தது. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ் 4764 என்ற தரத்தை வெளியிட்டது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு என்ன வரம்பு? பி.ஓ.டி 20. மிதக்கும் திடப்பொருள் 30. ஆமாம், அதே 20:30. 1912-ல் கப்பல் ஏறிய எண் 61 வருஷம் கழித்து வந்து இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1974-ல் நீர் மாசு தடுப்புச் சட்டம். 1982 பிப்ரவரியில் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். போபால் விஷவாயுவுக்குப் பின் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1993-ல் அதன் விதிகளில் பொதுவான வெளியேற்ற வரம்புகள் சேர்க்கப்பட்டன. ஆற்றில் விட பி.ஓ.டி 30, பாதாளச் சாக்கடையில் விட 350, நிலத்தில் பாய்ச்ச 100, கடலில் விட 100. இந்தப் பட்டியலிலும் கங்கைக்கும் கூவத்துக்கும் ஒரே 30தான். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறும், மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறும் சட்டத்தின் முன் சமம்.

வரம்பை மீறினால் பிடிப்பது எப்படி என்பதற்கும் 1974 சட்டத்தில் வழி இருக்கிறது. அதிகாரி மாதிரி எடுக்கும்போது நிலையத்தாருக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் முன்னிலையில் எடுக்க வேண்டும், இரண்டாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். இந்தச் சடங்கு ஒன்று தவறினாலும் நீதிமன்றத்தில் அந்த மாதிரி செல்லாது. நியாயமான விதிதான், பொய் வழக்கிலிருந்து காக்கும். ஆனால் அதன் பக்க விளைவு என்ன? மாதிரி எடுக்கிற நேரம் நிலையத்தாருக்குத் தெரிந்துவிடும். கழிவுநீர் காலை ஏழு மணிக்கு ஒரு மாதிரி, மத்தியானம் மூன்று மணிக்கு வேறு மாதிரி வரும். ஊரே குளித்துத் துவைத்து முடிக்கிற நேரத்தில் வருவது ஒரு பெருவெள்ளம். ஒரு பாட்டிலில் அடைத்த ஒரு நிமிஷத் தண்ணீர், 24 மணி நேரத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது.

நிலையம் தவறுவதற்குக் காரணமும் பெரும்பாலும் சாதாரணமானவைதான். மின்சாரம் போனால் காற்று ஊதும் இயந்திரம் நிற்கும். சில மணி நேரம் காற்று இல்லாவிட்டால் பாக்டீரியாக்கள் மூச்சு முட்டித் துவண்டுவிடும், திரும்பத் தேற நாள் பிடிக்கும். வீட்டுக் கழிவோடு தொழிற்சாலை அமிலமோ எண்ணெயோ கலந்து வந்தால் ஒரே ராத்திரியில் மொத்தக் கூட்டமும் செத்துப் போகலாம். மழைக்காலத்தில் மழைநீர் சாக்கடைக்குள் புகுந்தால் தொட்டி தாங்காமல் கசடு வழிந்து வெளியே ஓடும். அம்பத்தூர் மாதிரி வீடும் தொழிற்பேட்டையும் ஒட்டி ஒட்டி இருக்கும் பகுதிகளில் இதையெல்லாம் சமாளிப்பது லேசான வேலை இல்லை. காற்றை ஊதும் மோட்டார்தான் நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு. செலவைக் குறைக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் முதலில் கை வைக்கத் தோன்றும் இடமும் அதுதான். லாப நஷ்டக் கணக்கில் அது மிச்சம் என்று எழுதப்படும். ஆற்றுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு அந்தக் கணக்கில் பத்தியே கிடையாது.

சென்னையில் நெசப்பாக்கம், கோயம்பேடு நிலையங்கள் 1970-களில் வந்தன. 1978-ல் குடிநீர் வாரியம் அமைந்தது. ஆனால் பெரிய பாய்ச்சல் 2000-த்துக்குப் பிறகுதான். சென்னை நகர நதிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், சுமார் 720 கோடி ரூபாயில் சாக்கடைக் குழாய்களும் புதிய நிலையங்களும் கட்டினார்கள். 2005, 2006 வாக்கில் கொடுங்கையூரில் 110 எம்.எல்.டி, கோயம்பேட்டில் 60, பெருங்குடியில் 54, நெசப்பாக்கத்தில் 40, ஆக 264 எம்.எல்.டி புதிதாகச் சேர்ந்தது. (ஒரு எம்.எல்.டி என்றால் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர்.) கசடிலிருந்து கிளம்பும் வாயுவை வைத்தே மின்சாரம் தயாரிக்கும் வசதியும் இவற்றில் உண்டு. மின்வெட்டு நாட்களில் இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையங்களைக் குறை சொல்லுவது எளிது. ஆனால் இவை இல்லாவிட்டால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சரி, நிலையம் ஒழுங்காக ஓடி பி.ஓ.டி 20-க்குக் கொண்டு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் கூவத்தில் விழுகிறது. கமிஷன் கேட்ட எட்டு பங்கு நல்ல தண்ணீர் எங்கே?

இதற்குப் பதில் நெமிலிச்சேரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜமீன் கொரட்டூரில் கூவத்தின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஓர் அணைக்கட்டு உண்டு. (அம்பத்தூர் பக்கத்துக் கொரட்டூர் வேறு. இது திருமழிசைப் பக்கம்.) மழைக்காலத்தில் கூவத்தில் வரும் வெள்ளத்தை இங்கே மறித்து, புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்புகிறார்கள். இதற்கும் மேலே கேசாவரம் அணைக்கட்டு இருக்கிறது. அங்கே கொசஸ்தலை ஆறும் கூவமும் பிரிகின்றன. கொசஸ்தலை வழியே போகும் தண்ணீர் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகும். பூண்டியும் செம்பரம்பாக்கமும் சென்னையின் குடிநீர். ஆக, கூவத்தின் நல்ல தண்ணீர் ஆவடியை எட்டுவதற்கு முன்பே குழாய்த் தண்ணீராக மாறி நகரத்துக்குள் வேறு வழியாக நுழைகிறது. வீடுகளில் புழங்கி, கழிவாகி, அப்புறம்தான் கூவத்துக்கு வந்து சேர்கிறது. தண்ணீர் ஒன்றுதான், வருகிற வழிதான் மாறிவிட்டது.

இதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. 2003-ஐயும் 2019-ஐயும் பார்த்தவர்கள், குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றவர்கள், செம்பரம்பாக்கத்துக்குப் போகிற தண்ணீரைக் கூவத்தில் விடு என்று கேட்க மாட்டார்கள். ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் எந்தக் கணக்கும் ஆரம்ப இருப்போடுதான் தொடங்கும். ஆவடிக்குக் கீழே கூவத்தின் ஆரம்ப இருப்பு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பூஜ்யம். எட்டு மடங்குக்குப் பதில் பூஜ்யம் மடங்கு போட்டு அந்தப் பழைய கணக்கைச் செய்து பாருங்கள். ஆற்றின் பி.ஓ.டி 4 வராது, 20 வரும். கமிஷன் 'மோசம்' என்று சொன்ன 10-ஐப் போல் இரண்டு மடங்கு. இத்தனைக்கும் எல்லா நிலையமும் சட்டப்படி நடந்திருக்கும், எல்லாக் கழிவும் நிலையத்துக்கு வந்திருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது!

எல்லாக் கழிவும் வருவதில்லை என்பதுதான் 345-க்குக் காரணம். மத்திய வாரியத்தின் 2021 கணக்குப்படி தமிழ்நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் 6,421 எம்.எல்.டி. நிலையங்களின் கொள்ளளவு 1,492. நூறு குடத்தில் 23 குடத்துக்குத்தான் இடம். நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஓடிக்கொண்டிருந்த நிலையங்கள் 1,093. அவற்றில் வரம்புக்குள் இருந்தவை 578. பாதிக்குக் கொஞ்சம் மேல்.

மேற்குப் புறநகர் வளர்ந்த வேகத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆவடியும் பூந்தமல்லியும் திருவேற்காடும் திருநின்றவூரும் முதலில் வீடுகளாக வளர்ந்தன, சாக்கடை பின்னால் வந்தது, பல தெருக்களுக்கு இன்னும் வரவில்லை. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை 2014-ல் திறந்த பிறகு மனைப்பிரிவுகள் இன்னும் வேகமாக எழுந்தன. பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கும். நிறைந்தால் லாரி வரும். லாரி ராத்திரியில் எங்கே போய்க் கொட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நிலையத்தின் வாசலில் சோதனை செய்யும் சட்டத்துக்கு இந்த லாரியை அளக்க வழி இல்லை.

இதற்கு நடுவில் டெல்லியில் வரம்பு மேலும் கீழும் ஆடியது. 2015 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. புதிய நிலையங்களுக்கு பி.ஓ.டி 10 என்றது. ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதை யாரோ ஒருவர் உணர்ந்துவிட்டார் போல என்று தோன்றியது. ஆனால் 2017 அக்டோபர் 13-ல் வந்த இறுதி அறிவிப்பில் பெருநகரங்களுக்கு 20, மற்ற இடங்களுக்கு 30 என்று தளர்ந்துவிட்டது. மிதக்கும் திடப்பொருள் பெருநகரத்துக்கு 50, மற்றவற்றுக்கு 100. ஐ.எஸ் 4764 சொன்ன 20:30-ஐவிடவும் தளர்வு! 1912-ல் இங்கிலாந்துக்காரன் எட்டு மடங்கு தண்ணீர் இருந்தால்கூடக் கேட்டதை, 2017-ல் காய்ந்த ஆறுகளை வைத்துக்கொண்டு நாம் கேட்கவில்லை. செலவு அதிகமாகும், உள்ளாட்சிகளால் முடியாது என்பதுதான் இப்படிப்பட்ட தளர்வுகளுக்கு எப்போதும் சொல்லும் காரணம். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 30-ல் தீர்ப்பாயம் வரம்பை மறுபடி இறுக்கியது. பெருநகரங்களுக்கு பி.ஓ.டி 10, பழைய நிலையங்களுக்கும் நீண்ட அவகாசம் கிடையாது என்றது. 20-க்காகக் கட்டிய நிலையத்தை 10-க்குக் கொண்டு வருவது விசையைத் திருப்புகிற வேலை இல்லை. கூடுதல் தொட்டி, வடிகட்டி, நைட்ரஜனைப் பிரிக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும்.

கூவத்துக்கென்றே 2015-ல் 604 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒருங்கிணைந்த சீரமைப்புத் திட்டம் வந்தது. கழிவுநீர் விழும் வாய்களை அடைப்பது, மறித்துத் திருப்புவது, கரையோரம் சிறு நிலையங்கள் வைப்பது எல்லாம் அதில் இருந்தன. 2021 மாதிரிகள் எடுக்கப்பட்டது அதற்குப் பிறகு என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இந்தக் கதையில் நன்றாக நடந்த பகுதி ஒன்று உண்டு. அது சட்டத்தால் நடக்கவில்லை, வியாபாரத்தால் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் தண்ணீர்ப் பஞ்சத்தில் தவித்தபோது, கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீரை விலைக்கு வாங்க ஆரம்பித்தன. அவர்களே அதை மேலும் சுத்தம் செய்து குளிர்விக்கப் பயன்படுத்தினார்கள். நாட்டில் இப்படிச் செய்த முன்னோடிகளில் சென்னையும் ஒன்று. 2019-ல் இது பெரிதானது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி அளவில், ஆர்.ஓ முறையில் மூன்றாம் கட்ட சுத்திகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு.

வாங்குகிறவன் இருந்தால் தரம் வந்துவிடுகிறது. ஆர்.ஓ சவ்வு விலை உயர்ந்த பொருள், அதற்குள் மோசமான தண்ணீரை விட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் முந்தைய கட்டம் ஒழுங்காக ஓடியே ஆக வேண்டும். தண்ணீர் கெட்டால் கார் தொழிற்சாலை அன்றைக்கே போன் செய்யும், காசு கொடுக்க மாட்டேன் என்று சொல்லும். ஆறு போன் செய்யாது. மாசு கட்டுப்பாட்டு வாரியமும் அரசு, குடிநீர் வாரியமும் அரசு. அபராதம் போட்டாலும் இந்தச் சட்டைப்பையிலிருந்து அந்தச் சட்டைப்பைக்குத்தான் போகும்.

ஆனால் இதிலும் ஒரு இடறல் இருக்கிறது. கோடையில் கூவத்துக்குள் வந்து விழுவதிலேயே ஓரளவு நல்ல தண்ணீர், கோயம்பேட்டு நிலையம் சுத்தம் செய்து விடுகிற தண்ணீர்தான். மேலிருந்து வரும் எட்டு பங்கு ஏரிக்குப் போய்விட்டது. இப்போது கீழே கிடைத்த ஒரு பங்கிலும் ஒரு பகுதி தொழிற்சாலைக்குப் போகிறது. ஏரிகளில் அந்த அளவு குடிநீர் மிஞ்சுகிறது என்பது உண்மை, பஞ்ச காலத்தில் அது பெரிய விஷயம். கூவத்துக்கு மிஞ்சுவது எந்தக் குழாயிலும் எந்த நிலையத்திலும் சேராத மிச்சம்.

கோயம்பேட்டிலிருந்து புறப்படும் அந்தக் குழாயின் நீளம் சுமார் 60 கிலோமீட்டர். கூவம் மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது, குழாய்த் தண்ணீர் கிழக்கிலிருந்து மேற்கே, செம்பரம்பாக்கம் பக்கமாகத் திரும்பிப் போகிறது. நெமிலிச்சேரியிலிருந்து பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் ஆற்றைப் பாலத்தின் மேல் கடந்து போய், அந்தத் தண்ணீர் ஓடும் ஆலைகளில் ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.